சந்தனம் பூசிய ரவுட்டர்

2024 ஒக்டோபர் 20, ஞாயிறு

பிரேமினி இந்த வாரமும் பேசவில்லை. குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனதிலிருந்து என் பெண்டாட்டி ஒரு வெள்ளிக்கிழமையும் தவறவிட்டதில்லை. இப்போது சில வாரங்களாக ஒன்றும் இல்லை. நான் அடித்தால் போன் அணைத்திருக்கிறது. கொழும்பு ஏஜென்சிக்காரன், "அவங்க நல்லா இருக்காங்க, சும்மா சும்மா எடுக்காதீங்க" என்கிறான். நல்லா இருக்கிறவள் ஏன் பேச மாட்டாள்?

லயத்தில், சுவரோடு சுவராக இருக்கிற இந்த வரிசை வீடுகளில், யாருக்கும் சொல்லவில்லை. சொன்னால் போதும், நாளைக் காலை வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டிலேயே அவளுக்கு வேறு ஒருத்தனைக் கட்டிவைத்துவிடுவார்கள்.

"அம்மா பேசுனாங்களா?" என்று மகள் ஆர்த்திகா கேட்டாள். நான் தேயிலை ஃபெக்டரியில் இருக்கும்போது பேசினாள் என்று சொன்னேன். பொய்தான்.

ஒக்டோபர் 23

ஆர்த்திகா அந்தக் கேமை அலமாரி மேலிருந்து எடுத்துவிட்டாள். நடுவில் திரை, இரண்டு பக்கமும் பொத்தான், கையில் வைத்து ஆடுகிற சாமான். பிரேமினி வேலை செய்கிற வீட்டுப் பிள்ளை நூரா, தனக்குப் புதிது வந்ததும் பழையதை ஆர்த்திகாவுக்கென்று கொடுத்ததாம். ஊருக்கு வந்த ஒருத்தியிடம் பிரேமினி அனுப்பிவைத்தாள். "வைஃபையில போட்டா நூரா வந்து நம்ம பாப்பாவோட வெளயாடுமாம்" என்று சந்தோஷமாகச் சொன்னாள். எனக்கு எரிச்சல். படிக்கிற பிள்ளைக்கு இது ஒரு கேடா என்று கத்திவிட்டு மேலே தூக்கி வைத்திருந்தேன்.

இன்றைக்கும் கத்தத்தான் போனேன். "அப்பா, இங்க பாருங்க, நூரா பேரு இருக்கு. நெட்டு மட்டும் இருந்தா அந்தப் புள்ளையோட பேசலாம்" என்றாள்.

அடுப்படியிலேயே நின்றுவிட்டேன். அந்த வீட்டுக்குள் எட்டிப்பார்க்க எனக்கு வேறு என்ன வழி இருக்கிறது?

ஒக்டோபர் 24

எங்கள் லயத்துக்கு ஒரே ரவுட்டர். எல்லா வீட்டாரும் சேர்ந்து வாங்கினோம். அங்கேதான் டவர் எடுக்கிறது என்று கடைசி வீட்டில், வீரய்யா மாமாவின் சாமித் தட்டில் இருக்கிறது. பிள்ளைகள் படிப்புக்கு மட்டும், படம் கேம் கூடாது என்று கோயிலில் வைத்துப் பேசி முடிவானது. அப்போது தலையாட்டியவர்களில் நானும் ஒருவன்.

மாமா வேலைக்குப் போன நேரம் பார்த்து அவர் பெண்டாட்டி ராக்காயி அத்தையிடம் பாஸ்வேர்ட் கேட்டேன். அவருக்குத் தெரியாது. யாருக்குமே தெரியாது. எல்லார் போனிலும் அவர்கள் மருமகன்தான் அடித்துக் கொடுத்தான். அவன் இப்போது கப்பலில் வேலை.

ரவுட்டருக்குப் பின்னால் ஒட்டின தாளில் எழுதியிருக்குமே என்று திருப்பினேன். சரஸ்வதி பூசைக்கு அத்தை அதன் மேல் சந்தனத்தை அப்பி, குங்குமம் வைத்து, பிறகு ஈரத்துணியால் அழுத்தித் துடைத்திருக்கிறார். எழுத்தும் சேர்ந்து போய்விட்டது.

"முன்னுக்கு வச்சா லைட்டு மறையுமேன்னு பின்னுக்கு வச்சேன். தேயிலச் செடி வெட்டுற கவ்வாத்துக் கத்திக்கு வைக்கிறோம், இதுக்கு வைக்காம உடலாமா?" என்றார். அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

ஒக்டோபர் 27, ஞாயிறு

பொகவந்தலாவை டவுனுக்குப் போய்ப் போன் கடையில் கேட்டேன். "ஊசியால குத்தி ரீசெட் பண்ணுங்க, தாள்ல இருக்கிற பாஸ்வேர்டே திரும்பி வந்துரும்" என்றான். அந்தத் தாள்தான் சந்தனத்தோடு போய்விட்டதே. குத்தினால் எனக்கும் கிடைக்காது, லயத்தில் மற்றவர்களுக்கும் இருக்காது.

பஸ்ஸில் திரும்பும்போது வளைவுக்கு வளைவு ஒரே நினைப்பு. அடிக்கிறார்களா? பூட்டி வைத்திருக்கிறார்களா? உயிரோடு—

எழுதமாட்டேன்.

ஒக்டோபர் 31

தீபாவளி. பேசவில்லை.

நவம்பர் 2, சனி

இன்றைக்குப் பொறுக்கவில்லை. பயனில்லை என்று தெரிந்தும் ஊசியை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். ரவுட்டரைக் கையில் எடுத்தபோது வீரய்யா மாமா வந்துவிட்டார். பின்னால் கேமும் கையுமாக ஆர்த்திகா.

"ஏன்டா அழகா, கேம் ஆடவா எல்லாரும் சேந்து வாங்குனோம்? ஓம் பொண்டாட்டி காசு அனுப்புறான்னு ஒனக்குத் திமிரா?" என்று வாசலில் நின்று சத்தம் போட்டார். பக்கத்து வீட்டுக் கதவெல்லாம் திறந்தது.

எனக்கு எங்கிருந்து வந்ததோ. "ஆமா மாமா, திமிருதான். அவ பேசி எத்தன நாளாச்சுன்னு தெரியுமா ஒங்களுக்கு? இருக்காளா செத்தாளான்னு தெரியாம ராவெல்லாம் முழிச்சிக்கிட்டு கெடக்கேன். இந்தச் சனியன்லதான் அந்த வீட்டுப் புள்ள பேரு இருக்கு. வேற என்னா மாமா இருக்கு எனக்கு?" கத்திக் கத்திக் குரல் போய்விட்டது. ஆர்த்திகா கேட்டுக்கொண்டு நின்றாள். அவளுக்கு இப்படியா தெரியவேண்டும்?

மாமா உள்ளே வந்து என் கையிலிருந்து ரவுட்டரை வாங்கித் தட்டில் வைத்தார். பிறகு, "அட மடப்பயலே, இத மொதல்லயே சொல்றதுக்கு என்னா?" என்றார். அவரே கொட்டும் மழையில் பள்ளிக்கூட விடுதிக்குப் போய் சிவதர்சினி டீச்சரைக் கூட்டிவந்தார். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, போன வருடம்தான் வந்தவர்.

"பதறாதேங்கோ. உங்கட போன் ஏற்கெனவே வைஃபையில இருக்குத்தானே? அதுக்கு பாஸ்வேர்ட் தெரியும். தாங்கோ பாப்பம்" என்றார். என் போனில் எதையோ அழுத்தினார். கட்டம் கட்டமாக ஒரு படம் வந்தது. அதைத் தன் போனால் பிடித்ததும் எழுத்து எழுத்தாக விழுந்தது. ஆர்த்திகா ஒவ்வொன்றாகக் கேமில் தட்டினாள். நெட்டு தீர்ந்துவிடும், மற்ற யாரும் தொடக்கூடாது என்று மாமா லயம் முழுக்கச் சொல்லிவிட்டு வந்தார்.

இணைந்தது. நூராவின் பெயர் சாம்பல் நிறத்தில் கிடக்கிறது. அந்தப் பிள்ளை இப்போது ஆடவில்லை என்று அர்த்தமாம்.

நவம்பர் 5

சாம்பல்தான்.

நவம்பர் 8, வெள்ளி

பின்னேரம் பெயர் பச்சையானது. ஆர்த்திகா போட்ட கூச்சலில் கையிலிருந்த தேத்தண்ணியைக் கொட்டிக்கொண்டேன். விளையாட்டுக்குள் ஒரு தோட்டம், அதில் விரலால் வரைகிற பலகை. நூராவின் பொம்மை ஓடிவந்து குதித்தது. "அம்மான்னு எழுது. பெருசா எழுது. தமிழ்ல எழுது" என்றேன். எழுதினாள். அந்தப் பொம்மை பலகை முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டது.

பிரேமினிக்குக் காட்டுமா? காட்டாதா?

நவம்பர் 10, ஞாயிறு

பலகையில் கோணல்மாணலாகப் பிரேமினியின் எழுத்து.

"போன வாங்கி வச்சிட்டாங்க. காலு வீங்கிருச்சு. வெளிய உட மாட்றாங்க. என்னய கூப்புட்டுக்கங்க. நூரா காட்டுச்சுன்னு சொல்லிறாதீங்க, புள்ளக்கி அடி விழும்."

உயிரோடு இருக்கிறாள். என் பிரேமினி இருக்கிறாள்.

வாய்விட்டு அழுதேன். ஆர்த்திகா என் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.

நவம்பர் 12

மாமாவோடு நுவரெலியாவில் வெளிநாட்டு வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குப் போனேன். டீச்சர் பலகையைப் படம் பிடித்துத் தந்திருந்தார். அங்கிருந்த ஐயா பார்த்துவிட்டு, இது கேம்தானே என்று சிங்களத்தில் கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் மாமா தனக்குத் தெரிந்த சிங்களத்தில் சண்டை பிடித்தார். அந்த ஐயா மறுபடி படத்தை வாங்கிப் பார்த்தார். அங்கே வேலை செய்கிற, தமிழ் தெரிந்த நோனா அம்மா ஒருவரைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னார். அதற்குப் பிறகு உட்காரச் சொன்னார்.

டிசம்பர் 20

குவைத்தில் இருக்கிற நம் தூதரகத்திலிருந்து பேசினாள். தூதரகத்து ஆட்கள் அந்த வீட்டுக்கே போய்க் கூட்டிவந்தார்களாம். இரண்டு பேரும் முதலில் அழுதோம். பிறகு, "பாப்பா சாப்புட்டாளாங்க?" என்று கேட்டாள்.

2025 ஜனவரி 19

வந்துவிட்டாள். பாதி ஆளாக வந்திருக்கிறாள். ஆர்த்திகா அவள் சேலையை விடவே இல்லை.

பெப்ரவரி 2, ஞாயிறு

பின்னேரம் ஆர்த்திகா கேமைக் கொண்டுவந்து, "அம்மா, நூரா வந்திருக்கு" என்றாள்.

இனி அதைத் தொடாதே, அந்த வீட்டுச் சகவாசமே வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பிரேமினி வாங்கிவிட்டாள்.

தோட்டத்தில் அந்தப் பிள்ளையின் பொம்மை தனியாக நின்றது. பலகையில் தமிழில், பெரிதாக, ஒரே ஓர் எழுத்து. "வா."

"நாந்தான் சொல்லிக் குடுத்தேன், தூங்க வைக்கிறப்ப" என்றாள் பிரேமினி. வீங்கிய காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். பலகை மேல் விரலை வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள்.

"இதுக்கு என்னாங்க எழுதுறது?"

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து திரையைப் பார்த்தேன். அந்தப் பிள்ளை அங்கேயே நின்றுகொண்டிருந்தது.