பள்ளத்தாக்கு வாசலில் ஒரு புத்தகம்

அன்புள்ள நோரீன்,

உன் முழங்கால் வீக்கம் வடிந்ததா? நான் சுகம். சுண்ணாம்புக்கல் பள்ளத்தாக்கில் என் காவல் வேலை எளிதுதான். குழந்தைகளும் நடக்கும் பாதை. உள்ளே போகிறவர்கள் வாசல் புத்தகத்தில் பெயர் எழுதி, திரும்பியதும் கோடு போட்டு அடிக்க வேண்டும்.

செவ்வாய் மாலை ஒரு வரி மட்டும் அடிக்கப்படாமல் இருந்தது: ரஸ்ஸல், மகள் ஐவி, வயது ஐந்து. என் கண்தான் தவறுகிறதோ என்று மூன்று முறை பார்த்தேன். பிறகு தண்ணீர் பாட்டிலுடன் உள்ளே போனேன். மணலில் சின்ன நன்னீர் முதலைகள் படுத்திருந்தன. சீண்டாவிட்டால் ஒன்றும் செய்யாதவை, கவலைப்படாதே. சத்தமாகக் கூப்பிடக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் கூப்பிட்டேன். இரண்டாவது வளைவில் பதில் வந்தது. ரஸ்ஸல் கணுக்கால் பிசகி உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் ஐவி.

“அப்பா, ஆள் அனுப்பிட்டாங்க. ஆனா ரொம்பப் பழைய ஆளு.”

“சும்மா இரு ஐவி. இவரையும் நாமதான் தூக்கிட்டுப் போகணும் போல.”

என் தோளைப் பிடித்தபடி அவர் நொண்டி நடந்தார். இருட்டுவதற்குள் வெளியே வந்துவிட்டோம். அவர்கள் பெயரை அடிக்கும்போதுதான் கவனித்தேன், என் பெயரை நான் எழுதவே இல்லை. நான் விழுந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

குனிந்தால் நழுவும் என் மூக்குக்கண்ணாடிக்கு ஒரு கயிறு அனுப்பு. தினமும் மாலை ஆறு மணிக்கு இங்கே தொலைபேசியில் கூப்பிட முடியுமா? நான் எடுக்காவிட்டால் மறுபடியும் கூப்பிடு.

தபால் வண்டி ஹாரன் அடிக்கிறது.

உன் கிளைவ்