உம்மாவின் பத்து மில்லிகிராம் குளிசையும் மருந்துக் கவுண்டரில் போட்ட சத்தமும்

அனுப்புநர்:
மீராமுகைதீன் அப்ரா (வயது 20),
மருதமுனை.

பெறுநர்:
வைத்திய அத்தியட்சகர்,
முத்துத்துறைப் பிரதேச வைத்தியசாலை,
அம்பாறை மாவட்டம்.

விடயம்: என் உம்மா சரீபாவுக்குக் குணம் தந்த வயிற்று மருந்தை மீண்டும் தொடங்கக் கோரல்

மதிப்புக்குரிய டொக்டர் சேர்,

1. உம்மாவுக்கு இரண்டு வருடமாகச் செமிபாட்டுக் கோளாறு. நாலு வாய் சோறு போனதும் வயிறு கல்லாகிவிடும். வயிற்றுக்குள் கெமரா விட்டுப் பார்த்ததில் புண் எதுவும் இல்லை. கலியாண வீடுகளுக்குப் போவதையே நிறுத்திவிட்டார். ஒரே சஹன் தட்டைச் சுற்றி ஆறு பேர் சாப்பிடும்போது ஒருவர் முந்தி எழும்பினால் மற்றவர்களுக்கு மனக்குறையல்லவா?

2. நான் உயர்தரத்தில் கலைப்பிரிவு படித்தவள். ஆனாலும் ஃபோனில் கிடைத்த ஆய்வுகளையெல்லாம் அகராதி வைத்து வாசித்து, மருந்துகளைக் கொப்பியில் கட்டம் போட்டு ஒப்பிட்டிருக்கிறேன். ஒமிப்ரசோல் எட்டு வாரம்: நெஞ்செரிவு குறைந்தது, வயிற்றுப் பாரம் குறையவில்லை. டொம்பெரிடோன்: முதல் கிழமை நல்லம், பிறகு பழைய கதை. கிருமிப் பரிசோதனை: கிருமி இல்லை. அதன் பிறகு உங்கள் புது லேடி டொக்டர், இரவில் ஒன்று என்று பத்து மில்லிகிராம் அமிட்ரிப்டிலின் எழுதினார். சேர், என் கொப்பியின் நாலாவது கட்டத்தில் இருந்ததும் அதேதான்! சந்தோசத்தில் அவர் முன்னாலேயே கை தட்டிவிட்டேன். மன்னிக்கவும்.

3. அந்தக் குளிசை தொடங்கி ஐந்தாவது கிழமை, மாமி மகளின் கலியாணத்தில் உம்மா சஹனை விட்டுக் கடைசி ஆளாக எழும்பினார். கடைசி ஆளாக, சேர்! அதற்கு மேல் வட்டிலப்பமும் சாப்பிட்டார்.

4. அடுத்த கிளினிக் நாளில்தான் தவறு நடந்தது. மருந்துக் கவுண்டரில் இருந்தவர் டொக்டர் எழுதிய துண்டைப் பார்த்து, "இந்த மனச்சோர்வுக் குளிசை ஆருக்கு? சரீபா ஆரு?" என்று சத்தமாகக் கூப்பிட்டார். வரிசையில் பாதிப்பேர் எங்கள் வீதி ஆட்கள். ஒருவர், "என்ன மைனி, மண்டையில ஏதும் பிரச்சினையா?" என்று சிரித்தார். உம்மா, "எனக்கு ஒண்டும் வேணா. வா புள்ள போவம்" என்று வெறுங்கையோடு திரும்பிவிட்டார். கிளினிக் கொப்பியில் 'மருந்து மறுத்தார்' என்று எழுதப்பட்டுள்ளது. மூன்று கிழமைக்குள் பழையபடி நாலு வாய்.

5. கூடிய அளவில்தான் அது மனச்சோர்வுக்கு, இந்தச் சின்ன அளவு வயிற்று நரம்பைச் சாந்தப்படுத்த என்று நூறு தடவை சொல்லிவிட்டேன். "நீ ஃபோனில படிச்ச டொக்டர்தானே" என்கிறார்.

6. ஆகவே, லேடி டொக்டர் உம்மாவைத் தனியே இருத்தி, இது வயிற்றுக்குத்தான் என்று தன் வாயால் சொல்ல வேண்டும். கவுண்டரில் எவரையும் இலக்கம் சொல்லி மட்டும் கூப்பிட வேண்டும். என்ன குளிசை என்பது ஊருக்கு வேண்டாம்.

வரும் செவ்வாய்க்கிழமை வர உம்மாவைக் கெஞ்சிச் சம்மதிக்க வைத்திருக்கிறேன். முகத்தை மூடிக்கொண்டுதான் வருவாராம். அதற்கு முன் கவுண்டருக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள் சேர். இன்னொரு தடவை வெறுங்கையோடு திரும்பினால், அவர் இனி வரமாட்டார்.

இப்படிக்கு,
மீ. அப்ரா

இடம்: மருதமுனை
திகதி: 08.01.2026