பேர் சொல்லாத ஜெபம்

பஸ்ஸில் துண்டு போடுவதுபோல எனக்கு முன்னாடியே போய் இடம் பிடித்துவிட்ட எஸ்தருக்கு,

மண்ணூருக்கு முதல் பஸ் வந்த வருஷம். மழை கொட்டி ஏரி நிரம்பி, மிச்சத் தண்ணீர் கலங்கல் வழியாக வழிந்த வருஷம். உங்க அண்ணன் ஆசையாக வாங்கிய ரேடியோ ஒரு வாரம் பாடிவிட்டுப் புகைந்து போனதும் அப்போதான். அந்த வருஷம்தான் நாம ஐந்து பேர் ஏரியில் முழுகி ஞானஸ்நானம் எடுத்தோம். நீ, நான், உங்க அண்ணன், டெய்லர் தேவதாஸ், அப்புறம் அவன்.

கரையேறும்போது உனக்குக் கால் வழுக்கியது. கை கொடுத்துத் தூக்கினது அவன்தான். அது எனக்கு மறக்கவில்லை. மறந்திருந்தால் எவ்வளவோ நல்லது.

எனக்கு எழுத்து தெரியாதே. நான் சொல்ல எழுதுகிறவள் நம்ம மாடி ரூமில் குடியிருக்கும் செல்வராணி. தூத்துக்குடிப் பக்கத்துப் பொண்ணு, கம்பெனியில் லைன் வேலை. உன் நினைவு நாளுக்குச் சபைப் பத்திரிகையில் போடவேண்டும் என்றேன். இதோ, அதற்குள் பேனாவை நிறுத்திவிட்டாள்.

"அவன் அவன்னா யாருன்னு தெரியும்? பேரச் சொல்லுங்க தாத்தா."

"அவன்னே போடு."

"வாசிக்கிறவுக உங்களத்தான் ஏசுவாக."

"ஏசட்டும். நீ இன்னா என் சூப்பர்வைசரா? எழுது."

கல்லறைக்குப் போகிற வழி அவன் நிலத்தில் இருந்தது. அதைக் கம்பெனிக்கு விற்றான். மதில் எழும்பியது. அப்பவும் நீ சாயங்கால ஜெபத்தில் அவன் பேரைச் சொல்லி ஆசீர்வாதம் கேட்டாய். சொல்லிவிட்டு, என் ஆமெனுக்காகக் கொஞ்சம் நிறுத்துவாய். நான் வாய் திறக்கமாட்டேன்.

"இன்னா மனுசன்யா நீ? அடியில அவ்ளோ சேத்த வச்சிக்கினு, மேல தண்ணி தெளிவா கீதுன்னு பெருமை பேசிக்கினு திரியற" என்பாய்.

பிறகு நீ போனாய். மதிலைச் சுற்றி, கம்பெனி ரோட்டு வழியாகத்தான் உன் பெட்டியைத் தூக்கிப்போனோம். ஷிப்ட் விடுகிற நேரம். கேட்டில் செக்யூரிட்டி கை காட்டி நிறுத்தினான். பஸ்கள் வெளியே வந்துகொண்டே இருந்தன. உன்னைத் தோளில் வைத்துக்கொண்டு வெயிலில் நின்றோம்.

இன்றைக்கும் ஷிப்ட் பஸ் ஹாரன் கேட்டால் தோள் கனக்கிறது. ஜெபத்துக்கு உட்கார்ந்தால் உன் குரல் வருகிறது. எல்லார் பேரையும் சொல்கிறாய். அவன் பேருக்குப் பிறகு நிறுத்துகிறாய். அந்த மௌனம் வீட்டை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது. போயும் விடமாட்டாயா எஸ்தரு?

நம்ம சபை வழக்கம் உனக்குத் தெரியும். அப்பமும் ரசமும் வாங்குகிற திருவிருந்துக்கு முன்னே, மனஸ்தாபம் உள்ளவன் எழுந்துபோய் மற்றவன் கையைப் பிடிக்கணும். முடியாதவன் வெளியே செருப்பு விடுகிற இடத்தில் நிற்கணும். நீ போனதிலிருந்து என் இடம் அதுதான். அவன் வந்து மன்னிப்புக் கேட்கட்டும், அதுவரைக்கும் இங்கேயே நிற்பேன் என்று வைராக்கியம். அதையே விசுவாசம் என்று நினைத்துக்கொண்டேன்.

இப்போ சேதி ஒன்று சொல்கிறேன். அவனுக்கு வாதம் வந்து ஒரு பக்கம் இழுத்துவிட்டது. பேச்சு போய்விட்டது. போன திருவிருந்துக்கு அவன் மருமகள் ஆட்டோவில் கூட்டிவந்தாள். கை பிடிக்கிற நேரத்தில் தடியை ஊன்றி மெல்ல வெளியே வந்தான். செருப்புகளுக்கு நடுவில் என் பக்கத்தில் நின்று வாயைத் திறந்தான். காற்றுதான் வந்தது.

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். திருப்பின பக்கத்தில் நீ நின்றாய். ஈரப் புடவையோடு, அன்றைக்கு ஏரிக்கரையில் நின்ற மாதிரியே. அவன் பேரைச் சொன்னாய். நிறுத்தினாய், அவ்வளவுதான்.

கேட்க வாயில்லாதவன் கேட்கட்டும் என்று எத்தனை காலம் காத்திருப்பேன்? நீ சொன்ன சேறு இப்போதான் என் காலில் தட்டுகிறது. இதை வாரிப்போட எனக்குத் தெம்பில்லை. கர்த்தர்தான் இறங்கணும்.

வருகிற ஞாயிறு திருவிருந்து. அவனைக் கைப்பிடியாக உள்ளே கூட்டிப்போய், அவன் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்காருவேன். இது உனக்கு நான் தரும் வாக்கு. இன்று சாயங்காலம் நீ நிறுத்துகிற இடத்தில் என் குரல் கேட்கும்.

"இப்பமாவது பேரு போடவா, தாத்தா?"

"என் கைநாட்டுக்குக் கீழ போடும்மா."

இப்படிக்கு, உன் வீட்டுக்காரன்.

அன்றைக்கு முழுகினவர்களில் என்னைத் தவிர இன்னும் உசுரோடு இருக்கிறவன், உன்னைக் கரையேற்றினவன், என் சகோதரன் சாமுவேல்.