தேர்ச்சில்லு ஏறும் காட்சி

மார்கழி 2, செவ்வாய்

விடியமுன்னமே காற்று. மழை நேராக விழவில்லை, பக்கவாட்டில் அடிக்கிறது. கந்தோர் இல்லை, வேலைக்கு வரவேண்டாம் என்று ஏழு மணிக்கு மெசேஜ். கோயில் ஒலிபெருக்கியில் ஃபாதர் இரண்டு தரம்: ஒருவரும் கடலுக்குப் போகவேண்டாம். யார் போகப்போகிறார்கள்? வள்ளங்கள் எல்லாம் றோட்டில்.

செய்ய: குசினிக் கூரைத் தகரத்துக்குக் கல் ஏற்ற. மெழுகுதிரி. அம்மாவுக்கு எண்ணெய் (வலது முழங்கால், குளிருக்கு நோ கூட). போன் சார்ஜ்.

விறாந்தையில் மழைக்கு ஒதுங்கிய மூன்று தெருக்கழுதைகள், குடித்தனம் வந்த மாதிரி. அம்மா விளக்குமாற்றை எடுத்தார். மழையைப் பார்த்தார். திருப்பி வைத்துவிட்டார்.

பத்து மணிக்கு ட்ரெய்லர்! இரண்டு மாதமாகக் காத்திருந்தது. வரப்போகும் ராஜா படங்கள், என் கணக்கில்:

1. கடற்படை ராஜா. இன்றைய ட்ரெய்லர் இதுதான். தை மாதம். முதல் நாளே.
2. ராணி படம். பெயர் இன்னும் விடவில்லை, குதிரையை மட்டும் காட்டினார்கள்.
3. பறங்கியர் காலத்துப் படம். நம்பிக்கை இல்லை. கோட்டைச் சுவர் அட்டை என்று போஸ்டரிலேயே தெரிகிறது.

முப்பத்தாறு வயதில் வாள்சண்டை பார்க்கிற விசரி என்று கந்தோரில் பெயர். இருக்கட்டும்.

சிக்னல் போய்ப் போய் வந்தது. அம்மாவும் நானும் ஒரே கட்டிலில், ஒரே போனில். கப்பல்கள், யானைகள், ராஜாவின் மீசை. பிறகு ஒரு தேர் வருகிறது. கீழே விழுந்த போர்வீரன் மேல் சில்லு ஏற, அவனுடைய இடது கால் முழங்காலோடு தனியாகப் போகிறது. நாலே செக்கன். நான் கை தட்டிவிட்டேன். அம்மா வழக்கம்போலச் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார். சண்டைப் படம் என்றால் அம்மாவுக்குப் பாதிப் படம் தலைப்புக்குள்தான்.

கீழே கருத்துப் பகுதியில் எழுதினேன்: "கால் போற சீன் வேற லெவல். கிராபிக்ஸ் செய்தவைக்கு ஒரு கும்பிடு." மூன்று நெருப்புப் படமும் போட்டேன்.

பி.ப. கரண்ட் போய்விட்டது. சிக்னலும் இல்லை. நல்ல காலம், ட்ரெய்லரை இறக்கி வைத்திருந்தேன். கிராபிக்ஸ் எங்கே ஒட்டியிருக்கிறது என்று பார்க்க அந்த இடத்தில் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். ஒட்டு ஒன்றும் தெரியவில்லை. முகம் தெரிந்தது. சேறு, தாடி, வலது புருவத்தைப் பிளந்துகொண்டு ஒரு தழும்பு.

அந்தத் தழும்பு என்னுடைய வேலை. அவனுக்கு ஆறு வயது, நான் எறிந்தது தேங்காய்ச் சிரட்டை. மூன்று தையல்.

சீலன். என் தம்பி.

நாங்கள் தமிழ்நாட்டு முகாமிலிருந்து ஊருக்குத் திரும்பி ஒன்பது வருஷம். அவன் மட்டும் பெயின்ற் வேலைக்கென்று அங்கேயே நின்றுவிட்டான். இந்த மாதம் நத்தாருக்கு, பாலன் பிறப்புக்கு வருகிறான். கள்ளன், படத்தில் நடித்ததை ஒரு வார்த்தை சொல்லவில்லையே! சந்தோஷத்தில் கழுதைகளுக்கு அரைப் பாண் போட்டேன். அம்மா நித்திரை. நாளைக்குக் காட்டி அவரை அதிரவைக்க வேண்டும்.

தம்பிக்கு எடுத்தேன், எடுத்தேன். லைன் போகவில்லை.

மார்கழி 3, புதன்

குசினித் தகரம் இரண்டு பறந்துவிட்டது. ஒன்று முருங்கையில். மற்றது எங்கே என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

மழை கொஞ்சம் விட, மரியதாஸ் அண்ணன் கயிற்றோடு வந்தார். எங்களோடு அதே முகாமில் இருந்தவர், மேசன். அங்கே வேலை இல்லாத நாட்களில் படங்களுக்குக் கூட்டத்தில் நிற்கப் போவார். அம்மாவுக்குக் காட்டமுதல் கொஞ்சம் விபரம் தெரிந்துகொண்டு அளக்கலாம் என்ற ஆசையில், தம்பி கதையை விட்டுவிட்டு, சண்டையில் கை கால் போகிறதை எப்படி எடுப்பார்கள் என்று கேட்டேன்.

அவர் ஏணியில் நின்றபடியே சொன்னார்:

"கிராபிக்ஸ் எண்டோ நினைக்கிறியள், தங்கச்சி? அதுக்கெண்டு கால் இல்லாத ஆக்களைத் தேடிப் பிடிப்பாங்கள். பொய்க்கால் ஒண்டைக் கட்டி விட்டு, பிறகு இழுத்து எடுக்கிறது. கால் உண்மையா இல்லாட்டித்தானே போறது உண்மை மாதிரி இருக்கும்."

சொல்லிவிட்டு ஆணி கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். கொடுத்தது ஆணியா வேறு ஏதுமா தெரியவில்லை, ஏணியிலிருந்து இறங்கி அவரே எடுத்தார்.

இப்போது எழுத எழுத ஒவ்வொன்றாக வருகிறது.

தம்பி வீடியோவில் எடுத்தால் எப்போதும் முகம் மட்டும். எப்போதும் கதிரையில் இருந்தபடி, எழும்பினதே இல்லை.

முகாம் வாசலைக் காட்டடா என்று அம்மா கேட்டபோது "வெயிலம்மா" என்றான். இரவு எட்டு மணி அப்போது. நாங்கள் சிரித்தோம்.

போன நத்தாருக்கு வரவில்லை. லீவு இல்லையாம்.

"இப்ப நான் பெயின்ற் அடிக்கிறேல்லை அக்கா, கதிரையில இருந்து பாக்கிற வேலைதான்." அன்றிலிருந்து அவனைக் கதிரை உத்தியோகத்தர் என்றுதான் கூப்பிடுகிறேன். நானே வைத்த பெயர்.

அந்தக் கருத்து அங்கே கிடக்கிறது. மூன்று நெருப்போடு. அழிக்க நெற் இல்லை. உலகம் முழுக்கப் பார்க்கும், நான் மட்டும் தொட ஏலாது. எனக்கு என்னையே அறைய வேண்டும் போல இருக்கிறது.

இல்லை. மரியதாஸ் அண்ணன் சொல்வது பழைய காலமாக இருக்கலாம். இப்போது கொம்பியூட்டர் எவ்வளவோ செய்யும்.

சோறு அடிப்பிடித்துவிட்டது. அம்மா அப்படியே சாப்பிட்டார். செபமாலை சொல்ல வெளிச்சம் வேண்டும் என்று என் போனை எடுத்துக்கொண்டு மாதா சுரூபத்துக்கு முன்னால் இருந்தார். திருப்பித் தரும்போது சார்ஜ் 22-லிருந்து 9. ரோர்ச் இவ்வளவு குடிக்குமா என்று சத்தம் போட்டேன். பாவம், அவரோடு ஏன் பாய்ந்தேன்.

மார்கழி 4, வியாழன்

தூறல். கோயில் மண்டபத்து ஜெனரேற்றரில் போன் சார்ஜ், ஒரு பலகையில் முப்பது போன்கள். பெரிய பாலத்தடியில் சிக்னல் இருக்கிறதாம். போனேன். குடை பாதி வழியில் முறிந்தது. இரண்டு பக்கமும் கடல் மண் நிறத்தில், றோட்டுக்கு ஏறப் பார்க்கிறது.

சிக்னல் வந்ததும் முதலில் வந்தது என் கருத்துக்கு விழுந்த விருப்பங்கள். நூறுக்கு மேல். யாரோ ஒருவன் கீழே, "கரெக்ட்டா சொன்னீங்க" என்று. அழித்தேன்.

பிறகு தம்பி. உடனே எடுத்தான். புயல் எப்படி, கூரை இருக்கோ, அம்மா எப்படி என்று அடுக்கிக்கொண்டே போனான். நான் இடையில் வெட்டினேன்.

"சீலன், உன்ரை கால் எங்கை?"

காற்றுச் சத்தத்துக்குள்ளே மெதுவாகச் சொன்னான்:

"அது போய் ஒண்டரை வருஷம், அக்கா."

மூன்றாம் மாடியில் பெயின்ற் அடிக்கும்போது மூங்கில் கட்டு சரிந்திருக்கிறது. இடது கால் நசுங்கி, காயம் பழுதாகி, முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் இருந்த மாதம் எங்களுக்குச் சொன்னது: போன் துலைந்துபோச்சு. படம் தைக்குத்தானே, அதற்கு முதல் நத்தாருக்கு வந்து தானே நேரில் சொல்லலாம் என்றிருந்தானாம். அந்த இடத்தை ட்ரெய்லரில் போடுவார்கள் என்று தெரியாதாம்.

பிறகு, பகிடி மாதிரிச் சொன்னான்:

"ஏழு தரம் எடுத்தவங்கள், அக்கா. கட்டுறது, இழுக்கிறது, திருப்பிக் கட்டுறது. எனக்கு ஒரு தரம் போன கால், அங்கை ஏழு தரம் போச்சு."

நான் பாலத்துக் கட்டில் குந்திவிட்டேன். அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது, யார் மேல் என்று தெரியாத கோபம். ஒன்பது வருஷம் ராஜாக்களின் வாளைப் பார்த்துக் கை தட்டியிருக்கிறேன். கீழே கிடந்தவன் ஒருவனின் முகத்தையாவது பார்த்தேனா?

அம்மா பார்த்தவவோ என்று கேட்டான். முகத்தை மூடிக்கொண்டார் என்றேன். நல்லதாய்ப் போச்சு, நான் வருமட்டும் சொல்லாதே என்றான். ஓம் என்றேன். மரியதாஸ் அண்ணனுக்கும் சொல்லவில்லை. இந்தக் கொப்பியைத் தவிர ஒருவருக்கும் இல்லை. கொப்பி அலுமாரிக்குள் பூட்டியிருக்கு, திறப்பு என்னிடம்.

வீட்டுக்கு வந்து அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியாமல் கிணற்றடியைக் கூட்டினேன். மழைக்குள்.

மார்கழி 5, வெள்ளி

வெயில்! கழுதைகள் போய்விட்டன, சாணியை வாடகையாக வைத்துவிட்டு. கரண்ட் இன்னும் இல்லை. உடுப்பு எல்லாம் கொடியில்.

மரியதாஸ் அண்ணன் புதுத் தகரத்தோடு வந்தார். அம்மா அவரைக் குசினிக்கு விடவில்லை. தகரம் பிறகு பார்ப்போம் என்று வீட்டுக்குப் பின்னால், கக்கூசுக்குக் கூட்டிக்கொண்டு போனார். இனிக் குந்தி இருக்கிறது சரிவராது, கதிரை மாதிரிக் கொமட் ஒன்று வைக்க வேண்டும், நத்தாருக்கு முதல் முடிய வேண்டும். வாசல் படியையும் உடைத்துச் சரிவாக்க வேண்டுமாம். அம்மா எப்போது இதையெல்லாம் யோசித்தார்?

"முழங்கால் அவ்வளவு நோவோ, அம்மா?" என்று கேட்டார் மரியதாஸ் அண்ணன்.

"ஓம்" என்றார் அம்மா. பிறகு சுவரில் கையை வைத்துக் காட்டினார். "இதிலை பிடிக்கிறதுக்கு ஒரு கம்பியும் வையுங்கோ. நல்ல பாரம் தாங்கோணும். இடப்பக்கம்."

நான் வாளியோடு நின்றேன். செபமாலைக்குக் கொண்டுபோன போனில் சார்ஜ் 9 ஆனது நினைவுக்கு வந்தது. அம்மா என் பக்கம் திரும்பவில்லை.

அம்மாவுக்கு நோ வலது காலில்.