பெடல் சுற்றிக் கேட்ட ஆங்கிலம்

12.03.2001 திங்கள்

இன்றும் பத்துக்கு இரண்டு.

ஏழாவது பயிற்சி. ஒரு கிழவன் ரெயில் நிலையத்தில் ஏதோ கேட்கிறான். எந்த ரெயின், எத்தனை மணி, ஏன் அழுமாப்போல் இழுக்கிறான் — ஒன்றும் பிடிபடவில்லை. நான் ரெயினைக் கண்டதே இல்லை. தண்டவாளத்தைக் குண்டுக்குப் பதுங்கும் பங்கருக்கு மேலே அடுக்கியிருக்கக் கண்டிருக்கிறேன், அவ்வளவுதான்.

ஒன்பது பிள்ளைகளுக்கு ஒரு கசற். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று பேர் கைமாற்றிக் கேட்போம். எனக்கு ஞாயிறும் திங்களும். பற்றரியைச் சோதனைச் சாவடி தாண்டி வன்னிக்குள் வர ஆமி விடாது. அப்பா காலையில் மீன் விற்றுவிட்டு வரும் வரைக்கும் காத்திருந்து, சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோ வயரை றெக்கோடரில் கொழுவினால் அம்மா பெடலைக் கையால் சுற்றுவா. சுற்றினால் ஆங்கிலம் வரும். கை ஓய்ந்தால் நின்றுவிடும்.

“இவன் என்னடி, சேடம் இழுக்கிறவன் மாதிரிக் கதைக்கிறான்? ஆரும் இவனுக்கு ஒரு வாய் சுடுதண்ணி குடுக்க இல்லையோ?” — அம்மா.

“நான் மீன் ஏத்திற சைக்கிளிலை தாயும் மோளும் லண்டன் போகினம்” — அப்பா.

இவர்களுக்குப் பகிடி. யூலை பதினாலாம் திகதி சோதனை. வாசித்தல் பாதி, கேட்டல் பாதி. இரண்டிலும் சித்தியடைந்தால் வவுனியாவில் விடுதியோடு இரண்டு வருடம் ஆங்கில ஆசிரியைப் பயிற்சி. அந்தக் கடிதம் கையில் இருந்தால்தான் வன்னிக்கு வெளியே போகப் பாஸ் கிடைக்கும். கிடைக்காவிட்டால் பள்ளிக்கூடம் முடிந்து வீட்டில் இருக்க வேண்டும். பதினேழு வயதுப் பெட்டையை எத்தனை நாளைக்கு இயக்கத்துக்கு எடுக்காமல் வீட்டில் இருக்க விடுவினம்?

இதை எழுதவே பயமாக இருக்கிறது. எல்லோரும் படுத்த பிறகு குப்பிவிளக்கைச் சின்னதாக்கி எழுதுகிறேன். கொப்பியை அரிசி வாளிக்கு அடியில் வைக்க வேண்டும்.

18.03.2001

அப்பா பின்னேரம் ஆறு மணிக்குத்தான் வந்தார். சைக்கிளுக்குக் காற்றும் இல்லை. கசற்றைச் சும்மா கையில் வைத்துக்கொண்டிருந்தேன்.

25.03.2001

இன்று வாசித்தல். பாண் வாட்டுகிற மின்சாரப் பெட்டி பழுதாய்ப் போய் ஒருத்தி அதைக் கடையில் திருப்பிக் கொடுக்கிறாள். இரண்டு பக்கம். கடைக்காரன் மன்னிப்புக் கேட்கிறான். ‘அவளுடைய ஏமாற்றத்துக்கு உண்மையான காரணம் என்ன?’ எனக்கு எப்படித் தெரியும்? பாணே கண்டு எத்தனை மாதம்.

அகராதியில் ‘எம்’ எழுத்துக்குப் பிறகு செல்லரித்துப் போயிருக்கிறது. எம்முக்கு முன்னால் உள்ள சொற்களால் மட்டும் கேள்வி போடுங்கோ என்று அவர்களுக்குக் கடிதமா எழுதுவது?

08.04.2001 ஞாயிறு

விடைத்தாளில் பிழை இருக்கிறது! ஏழாவது பயிற்சியில் அந்தக் கிழவனை ‘இளம் பெண்’ என்று அச்சடித்திருக்கிறார்கள். பூசை முடிந்து நேரே சுகந்தினி வீட்டுக்கு ஓடினேன். அவளும் இந்தச் சோதனைதான் எழுதுகிறாள். அவளுடைய அப்பா மாயாண்டி மாமா மலைநாட்டிலிருந்து வந்து இங்கே கச்சான் கடலை பயிரிடுகிறவர்.

“கெழவன்தான்டி. நான் கேட்டப்ப இருமினான் கூட” என்றாள்.

கமலேஸ்வரியும் கிழவன் என்றாள். ஒன்பது பேருக்கும் கிழவன்தான். ஒன்பது பேருக்குக் கேட்கிறது, அச்சடித்தவனுக்குக் கேட்கவில்லை. இப்படிப்பட்டவர்களா எங்களுக்குப் புள்ளி போடப் போகிறார்கள்?

27.04.2001 வெள்ளி

இயக்கத்துக்கு ஆள் சேர்க்கிறவை பள்ளிக்கூடத்துக்கு வந்தவை. இரண்டு பாடம் கதைச்சவை. நான் மேசையிலை இருந்த ஒரு ஓட்டையையே பாத்துக்கொண்டிருந்தன். பேர், வயது, வீட்டிலை எத்தினை பேர் — எல்லாம் எழுதினவை. என்ரை பேரை நானே சொன்னன். வேறை என்ன செய்ய?

30.04.2001

எங்கள் ஒன்பது பேரில் விமலேஸ்வரி வரவில்லை. அவளுடைய கதிரை காலி. ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

கசற் இனி எட்டுப் பேருக்கு. எனக்கு ஒரு நாள் கூடலாம் என்று முதலில் நினைத்தேன். நினைத்த பிறகுதான் தெரிந்தது என்ன நினைத்தேன் என்று. சீ.

04.06.2001 திங்கள்

என்ன எழுதுவது. எல்லாம் போச்சு.

வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல். நாங்கள் கத்தோலிக்க வேதக்காரர் என்றாலும் பொங்கலுக்குப் போகாத ஆள் இந்தப் பக்கம் இல்லை. சுகந்தினியின் மாமா வீரையாதான் ஒலிபெருக்கிக்காரர். ஜெனறேற்றர் வைத்துக் காலையிலிருந்து அம்மன் பாட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். கசற் என்னுடைய பைக்குள் இருந்தது. இரண்டு நிமிடம் போடச் சொல்லிச் சுகந்தினி கெஞ்சினாள்.

“அடி உதைக்கப் போறாங்க. ரெண்டே நிமிசம்” என்று போட்டார்.

கோயில் வெளி முழுக்க, நாலு புனலிலும், ஒரு பெட்டை கதைத்தாள். கிழவன் இல்லை. பெட்டை! எங்களுடைய வயதுதான் இருக்கும். கிளி மாதிரிக் கடகடவென்று கேட்கிறாள், மற்றவன் கடகடவென்று சொல்கிறான், முடிந்துவிட்டது. அம்மா ஐந்து நிமிடம் சுற்றுகிற பகுதி மூன்று நிமிடத்துக்குள் முடிந்து போனது. எனக்கு ஒரு சொல் — ஒரே ஒரு சொல் — ‘பிளீஸ்’ மட்டும் விளங்கியது.

பாற்செம்பு கொண்டுபோனவர்கள் நின்று பார்த்தார்கள். “ஆரப்பா இது, அம்மனுக்கு இங்கிலீசிலை நேத்தி வைக்கிறது?” என்று ஒருவர் கேட்க எல்லோரும் சிரித்தார்கள். சுகந்தினியும் சிரித்தாள். நான் தேர்முட்டிக்குப் பின்னால் போய் நின்று அழுதேன்.

மூன்று மாதமாக நாங்கள் படித்தது ஆங்கிலம் இல்லை. எங்களுடைய கைகளின் களைப்பு.

06.06.2001

இன்னும் முப்பத்தெட்டு நாள். சுகந்தினியின் முறையில் கசற்றை இரவல் வாங்கி, வேகமாகச் சுற்றச் சொன்னேன். அம்மா மூச்சு வாங்கச் சுற்றினா. குரல் குருவிக்குஞ்சு மாதிரிக் கீச்சிட்டது. மெல்லச் சுற்றினால் கிழவன். எது சரி என்று எப்படித் தெரியும்? மணிக்கூடு பிடித்துப் பார்க்கலாமென்றால் அப்பாவின் மணிக்கூடே ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் பிந்துகிறது.

அம்மாவுடன் கத்தினேன். “உங்களாலைதான் எல்லாம்” என்றேன். அவா தோள்மூட்டைத் தடவிக்கொண்டு குசினிக்குள் போனா.

10.06.2001 ஞாயிறு

அம்மாதான் கண்டுபிடித்தா. நான் இல்லை.

பூசையால் வந்து சட்டை கூட மாற்றாமல் சைக்கிளைக் கவிழ்த்தா. “அந்தக் கோயில் பாட்டுக் கசற்றை எடடி.” முல்லைத்தீவில் இருந்த காலத்தில் அம்மா பாடகர் குழுவில் பாடிப் பதிந்த கசற். இடம்பெயர்ந்து வரும்போது உடுப்புக்குள் சுற்றிக் கொண்டு வந்தது. அதைப் போட்டுப் பெடலைச் சுற்றிக்கொண்டே கூடப் பாடினா. முதலில் கசற்றில் இருந்த குரல் கீழே கிடந்தது. கொஞ்சம் வேகம். இன்னும் கொஞ்சம். இரண்டு குரலும் ஒன்றாய் ஒட்டிய இடத்தில் அப்படியே கையைப் பிடித்துக்கொண்டா.

“இதுதான் என்ரை சுருதி. அங்காலை இங்காலை போகாது. இப்ப உன்ரை வெள்ளைக்காரியைப் போடு.”

பாட்டை வாய்க்குள் முணுமுணுத்தபடியே சுற்றினா. கோயில் வெளியில் கேட்ட அதே பெட்டை வந்தாள்.

பத்துக்கு ஒன்றுதான் எடுத்தேன். ஆனாலும் இது உண்மையான ஒன்று.

சுகந்தினிக்கும் கமலேஸ்வரிக்கும் சொல்லிவிட்டேன். சொல்லாமல் விடலாமோ என்று ஒரு பின்னேரம் முழுக்க யோசித்த பிறகுதான் சொன்னேன். இனி எல்லோரும் கசற்றோடு எங்கள் வீட்டுக்குத்தான் வருவார்கள். அம்மாவின் தோள் என்ன ஆகும்?

01.07.2001

நாலு. பிறகு ஆறு. பிறகு இறங்கிப் பத்துக்கு மூன்று! சித்தியடைய நூற்றுக்கு அறுபது வேண்டும். இரவில் கண்ணை மூடினாலும் அந்தப் பெட்டை கேட்டுக்கொண்டே நிற்கிறாள். உனக்கு எந்த ரெயினடி வேணும்? ஏறித் துலைஞ்சு போவன்.

14.07.2001 சனி

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்தபடியே எழுதுகிறேன்.

மேற்பார்வையாளர் மயில்வாகனம் சேர். வெளியூர். எங்கள் எட்டுப் பேரில் ஒருவரையும் முன்பின் தெரியாதவர். வாசித்தல் முடிந்தது, பரவாயில்லை. பிறகு கேட்டலுக்குப் பெட்டியைத் திறந்தார். கசற் இருந்தது. றெக்கோடர் இருந்தது. பற்றரி வைக்கும் இடம் வெறுமை. சாவடியில் கழற்றி எடுத்துவிட்டார்களாம்.

காவலாளி தன்னுடைய சைக்கிளைக் கொண்டுவந்து கவிழ்த்துச் சுற்றினார். மாடு கன்று போடுகிற சத்தம். ஒரு பிள்ளை அழத் தொடங்கினாள். சேர் நிற்பாட்டினார்.

“இரண்டு தரத்துக்கு மேலை போடேலாது பிள்ளையள். ஒருக்காப் போட்டாச்சு. இனிச் சரிவராட்டில் கேட்டல் நடக்கேல்லை எண்டு எழுதி அனுப்பத்தான் வேணும்.”

எழுதி அனுப்பினால் பாதிப் புள்ளி இல்லை. பாதிப் புள்ளி இல்லாவிட்டால் கடிதம் இல்லை.

சுகந்தினி எழும்பினாள். “சேர், கேட் வாசல்ல ஒரு அம்மா நிக்கிறாங்க. அவங்க நல்லாச் சுத்துவாங்க.”

என்னைக் கொண்டுவந்து விட்டுவிட்டு வேப்பமரத்தடியில் நிற்கிற என்னுடைய அம்மா.

சேர் எங்களைப் பார்த்தார். “ஆர் அவா? இங்கை எழுதிற ஆருக்கும் சொந்தமோ? மண்டபத்துக்குள்ளை வேலை செய்யிற ஆள் சொந்தமில்லையெண்டு சத்தியக் கடதாசியிலை கையெழுத்து வைக்க வேணும். அது பொய்யெண்டு வந்தால் எட்டுப் பேற்றை பெறுபேறும் போகும். விளங்குதோ?”

எட்டுப் பேருக்கும் தெரியும். எட்டுப் பேரும் எங்கள் வீட்டில் இருந்து கேட்டவர்கள். எல்லோரும் மேசையைப் பார்த்துக் குனிந்தார்கள். நான் முன்வரிசை. சேர் என்னுடைய மேசைக்கு முன்னால் நின்றார்.

“பிள்ளை, உமக்குச் சொந்தமோ?”

“இல்லை சேர்.”

அவ்வளவு லேசாக வந்தது. யோசிக்கவே இல்லை.

அம்மா உள்ளே வந்தா. ஒருவரையும் பார்க்கவில்லை. கடதாசியைச் சேர் வாசித்துக் காட்ட, பேனையை வாங்கி ‘ஸ்ரனிஸ்லஸ் யூலிற்றா’ என்று எழுதினா. அப்பாவின் பேரை விட்டு, தன்னுடைய தகப்பனின் பேர். அதை எப்போது யோசித்தா? நிலத்தில் குந்தி, கசற் போடாமல் வெறும் பெடலைக் கொஞ்ச நேரம் சுற்றினா. வாய் அசைந்தது.

“என்னம்மா முணுமுணுக்கிறியள்?”

“செபம் சேர்.”

பிறகு தலையாட்டினா. “இப்ப போடுங்கோ.”

குரல் தெளிவாக வந்தது. இருபத்தைந்து நிமிடம். ஒரு தரமும் கீழே போகவில்லை. நான் எழுதினேன். சரியோ பிழையோ தெரியாது, எழுதினேன். ஒரு முறை நிமிர்ந்தபோது அம்மா ஓய்ந்த வலக்கையை இடக்கையால் பிடித்துக்கொண்டு சுற்றுவது தெரிந்தது. உடனே குனிந்துவிட்டேன்.

வீட்டுக்குத் தனித்தனியாக நடந்தோம். கடற்கரை வளைவு தாண்டிய பிறகுதான் அம்மா சைக்கிளோடு நின்றா.

“நீ இல்லையெண்டது எனக்கு வெளியிலை கேட்டது. நல்லாச் சொன்னாய். ஏறடி.”

15.07.2001 ஞாயிறு

அம்மா இன்று பூசையில் நன்மை எடுக்கவில்லை. பொய்ச் சத்தியம் வைத்தவர்கள் நற்கருணை எடுக்கக் கூடாது. எல்லோரும் எழும்பிப் போக, மர வாங்கிலேயே இருந்தா. நானும் போகவில்லை.

19.08.2001

சோதனை முடிவு இன்னும் இல்லை. கமலேஸ்வரியை வீட்டில் பங்கருக்குள் படுக்க வைக்கிறார்களாம், அவை வந்தால் தெரியாமல் இருக்க. எங்கள் வீட்டில் நாய் குரைத்தால் அம்மா கதவுக்கு முன்னால் போய் நிற்கிறா. எத்தினை நாளைக்கு? ஒரு கடதாசி அடிக்க இவ்வளவு நாளோ? சோதனைக்காரரின்ரை பிள்ளையள் எண்டால் இப்பிடி இருப்பினமோ?

21.09.2001 வெள்ளி

அறுபத்திமூன்று.

நாலு பேர் சித்தி. சுகந்தினியும் கமலேஸ்வரியும் உண்டு. மயில்வாகனம் சேர் கடிதங்களைத் தானே வீடு வீடாகக் கொண்டுவந்தார். படலையில் அவருடைய தலை தெரிந்ததும் அம்மா குசினிக்குப் பின்னால் போய்விட்டா. அப்பா தேத்தண்ணி போடப் போய்ச் சீனியைத் தேடினார்.

“வீட்டுக்காரி எங்கை?” என்று சேர் கேட்டார்.

“கருவாடு காயப் போடப் போயிட்டா சேர். வர நேரம் செல்லும்.”

சேர் இரண்டு தேத்தண்ணி குடித்தார். நல்ல மனிசன். அதனால்தான் போகாமல் இருந்தார். முக்கால் மணித்தியாலம் அம்மா வெயிலுக்குள் நின்றா. அவர் போன பிறகு வந்து கடிதத்தை வாங்கி மணந்து பார்த்தா. “அறுபத்திமூண்டோ? மிச்சம் முப்பத்தேழுக்கும் நான் சுத்தினதுதானேடி!” என்று என் தலையில் குட்டினா.

08.10.2001 திங்கள் — வவுனியா

விடுதி. இங்கே மின்சார விளக்கு. நிற்பாட்டச் சொல்லும் வரைக்கும் எழுதலாம்.

காலை ஐந்தரைக்குச் சந்தியில் பஸ். புளியங்குளம் வரைக்கும் அது, அதற்குப் பிறகு ட்ரக்டர், சாவடி, வரிசை. நாலு பேரையும் கூட்டிப் போக மயில்வாகனம் சேர் கையில் பெயர்ப்பட்டியலோடு நின்றார். அவர் வருவார் என்று எங்களுக்கு முதலே தெரியாது. அப்பா என்னுடைய பெட்டியோடு என் பக்கத்தில் நின்றார். அம்மா சேரைக் கண்டதும் நடையை நிற்பாட்டி, றோட்டுக்கு மற்றப் பக்கம் போய்விட்டா. வீட்டில் சாமான் கட்டுகிற அவசரத்தில், சந்தியில் கதைப்போம் என்று ஒன்றும் கதைக்காமல் வந்திருந்தோம்.

பஸ் வந்தது. சேர் பேர் கூப்பிடத் தொடங்கினார். அப்போதுதான் அம்மா றோட்டைக் கடந்து வந்தா.

“சோதனையண்டு சுத்தினனான் சேர். பிள்ளையள் போகினமெண்டு கேள்விப்பட்டன். ஒருக்காப் பாத்திட்டுப் போவமெண்டு வந்தனான்.”

“ஓ, வாங்கோ அம்மா, வாங்கோ!” என்றார் சேர்.

அம்மா முதலில் கமலேஸ்வரியின் கையைப் பிடித்தா. பிறகு மற்றப் பிள்ளை. பிறகு சுகந்தினி. சுகந்தினி அழுதுவிட்டாள். கடைசியாக என்னிடம் வந்தா. மற்றவர்களின் கையை எவ்வளவு நேரம் பிடித்தாவோ அவ்வளவு நேரம்தான் என்னுடையதையும் பிடித்தா.

“கவனமாப் போங்கோ தங்கச்சி. நேரத்துக்குச் சாப்பிடுங்கோ. நல்லாப் படியுங்கோ.”

“ஓம் அம்மா” என்றேன். யாருடைய அம்மாவையும் அப்படித்தானே சொல்வோம். அதில் ஒரு பிழையும் இல்லை.

பஸ் எடுத்த பிறகு சேர் எனக்குப் பக்கத்து இருக்கையில் வந்திருந்தார்.

“பாத்தீரே பிள்ளை, உங்களிலை தனக்குச் சொந்தமெண்டு ஒருத்தரும் இல்லாமல் அந்த மனிசி இருட்டோடை எழும்பி வந்திருக்கிறா. எந்த ஊர் ஆளெண்டு உமக்குத் தெரியுமோ?”

“தெரியாது சேர்” என்றேன்.