ஒற்றைப் பொத்தான்

கோபக்காரத் தம்பிக்கு,

போனை நீ எடுப்பதில்லை, அதனால் கடிதம். "பொத்தான் கடைக்கு எதுக்குக்கா பிராட்பேண்ட்?" என்று சிரித்துவிட்டு எதிரே உள்ள பெரிய கடையில் வேலைக்குச் சேர்ந்தாயே, அதற்குப் பதில் சொல்கிறேன், கேள்.

முன்பெல்லாம் வீடியோ கால் திக்கித் திணறும். கருநீலம் கறுப்பாகத் தெரியும். இப்போது எங்கேயோ வெளியூரில் இருப்பவர் சட்டையைக் காட்டுகிறார். நான் டப்பா டப்பாவாகத் திறந்து, பொத்தானை வெள்ளைத் தாளில் வைத்துக் காட்டுகிறேன். "அதேதாங்க!" என்று குரல் துள்ளுகிறது. உங்கள் கடையில் ஒரு டஜன் வாங்கினால்தான் உண்டு. நான் ஒன்றே ஒன்று கேட்டாலும் அனுப்புவேன். கை ஓயவில்லை, போ.

நேற்று ஒரு ஆர்டர் வந்தது. உங்கள் கடைச் சீருடைக் கோட்டுக்கு ஒற்றைப் பொத்தான் வேண்டுமாம். முன்பின் தெரியாத பெயர். முகம் காட்டாமல் போட்டோ மட்டும். அவ்வளவு பெரிய கடையில் கிடைக்கவில்லை பார்!

பெயரை மாற்றிவிட்டாய், சரி. போட்டோவில் கோட்டைப் பிடித்திருந்த கட்டைவிரலை எங்கே கொண்டுபோய் மாற்றுவாய்? அதிலுள்ள தழும்பு காயமாக இருந்தபோது மருந்து போட்டவள் நான்தானே.

கூரியரில் அனுப்பமாட்டேன். ஊசியில் நூல் கோத்து வைத்திருக்கிறேன். கோட்டோடு தெருவைத் தாண்டி வா.

உன் அக்கா