அளவெடுக்காமல் தைத்த கவுன்

மார்ச் 3, செவ்வாய்
தையல் மெஷினை ஓடவிட்டு, கீழ்நூல் சுற்றும் பாபின் நிறைய எலாஸ்டிக் நூல் சுற்றி வைத்தாயிற்று. மேலே சாதா நூல், கீழே எலாஸ்டிக். தைக்கத் தைக்கத் துணி தானாகச் சுருங்கிக்கொண்டு வரும். தங்கைக்கு ஒரு கவுன். மார்பு முழுக்கச் சுருக்கு வேண்டுமாம். அவள் மார்பில் இருக்கிற கட்டி கெட்டதுதான், புற்றுநோய்தான் என்று போன வாரமே தெரிந்துவிட்டது.

"கட்டிய மட்டும் எடுப்பாங்களோ, மார்பையே எடுப்பாங்களோ, தொறந்து பாத்தாதான் தெரியுமாம். எப்படி வந்தாலும் ஒடம்புல படியுற மாதிரி தை, அக்கா."

காய்கறி வாங்கிவரச் சொல்கிற குரலில் சொன்னாள்.

மார்ச் 4
டேப்பைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அவள் எதிரே நின்றேன். மார்பைச் சுற்றிப் போட மனம் வரவில்லை. "உன் பழைய சட்டைய வெச்சு வெட்டிக்கிறேன்" என்று மழுப்பினேன். கண்டுபிடித்திருப்பாள். அவளிடம் எதை மறைக்க முடிந்திருக்கிறது?

மார்ச் 6
எல்லாம் பாழ். வரிசை வரிசையாகத் தைத்து விரித்தால், குழந்தைச் சட்டை அளவுக்குச் சுருங்கிக் கிடக்கிறது. எலாஸ்டிக் நூலைக் கையால்தான் சுற்ற வேண்டும், இழுக்காமல். நானோ பழக்க தோஷத்தில் மெஷினில் சுற்றிவிட்டேன். அது இழுத்து இறுக்கிவிட்டது. எனக்குத் தெரியாததா? புத்தி எங்கே போயிற்று — ஆஸ்பத்திரிக்குத்தான், வேறெங்கே.

"இது எனக்கா, தலகாணிக்கா?" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

மார்ச் 7
பிரித்தேன். நாள் முழுக்கப் பிரித்தேன்.

மார்ச் 9
கையால் சுற்றினேன். விரல் இறுகும்போதெல்லாம் நிறுத்தி மூச்சு விட்டுக்கொண்டேன். முதல் வரிசையில் சுருக்கமே தெரியாமல் பதறிப்போனேன். நாலைந்து வரிசை போன பிறகுதான் துணி பிடித்தது. ஈரத்துணி போட்டு இஸ்திரிப் பெட்டியின் ஆவி காட்டியதும் அளவாகச் சுருங்கியது. ஓரத்து முனைகளை ஒவ்வொன்றாக முடிச்சுப் போட்டேன். ஒன்று நழுவினாலும் அந்த வரிசை முழுக்க விட்டுப்போகும்.

எதுக்கு விட்டுப்போகணும்? ஒண்ணும் விட்டுப்போகாது. — மெஷினிடம் பேச ஆரம்பித்துவிட்டேன்.

மார்ச் 12
நாளைக்கு ஆபரேஷன். பெட்டியில் துண்டு, சீப்பு எல்லாம் எடுத்து வைத்தேன். கவுனை வைக்கவில்லை. வைத்தால் ஏதாவது ஆகிவிடும்போல ஒரு பயம். பைத்தியக்காரத்தனம்தான். இவளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்? யார்கிட்ட போய் சண்டை போடுவேன்?

மார்ச் 13
இடது பக்கத்தை எடுத்துவிட்டார்கள். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். அது போதும்.

ஏப்ரல் 10
காயம் ஆறிவிட்டது, கவுன் போடலாம் என்றார் டாக்டரம்மா. கை இன்னும் தோளுக்கு மேல் போகவில்லை. அதனால் காலிலிருந்து ஏற்றினேன். இடுப்பில் விரிந்து கொடுத்து, மேலே வந்து நின்றது. தோளில் நாடாவை முடிந்துவிட்டேன். இடது பக்கம் சுருக்கு தானாக உள்ளே போய்ப் படிந்துகொண்டது. கண்ணாடி முன்னால் அவள் அசையாமல் நின்றாள்.

"டேப் எங்க?" என்றாள்.

"எதுக்கு?"

"அடுத்ததுக்குச் சுருக்கு வேணாம். ஒழுங்கா அளவெடுத்துத் தை."

டேப்பை எடுத்து வந்தேன். விரித்தேன், மறுபடி சுருட்டினேன்.

"பயப்படாம சுத்திப் போடு, அக்கா. நான் இங்கதான இருக்கேன்."

போட்டேன்.